ஆஃப் பண்ணி ஆன் பண்ணு

இன்ஜினியரிங் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நம்ம எல்லாருக்கும் ஒரு பார்ட் டைம் வேலை இருக்கு. சொந்தக்காரங்க வீட்டு ஃபேன், மிக்ஸி, வைஃபை, டிவி ரிமோட் எல்லாத்துக்கும் நாமதான் சர்வீஸ் ஆளு. சரி பண்ணினா "அதுக்குத்தானே படிக்கிற" என்பாங்க. பண்ணலேன்னா "அப்புறம் என்னத்தப் படிக்கிற" என்பாங்க. நான் ஈ.சி.ஈ. ஃபைனல் இயர். நாலு வருஷத்தில் நானா ஸ்க்ரூ கழட்டிச் சரி பண்ணின பொருள் எத்தனைன்னு எண்ணிப் பார்த்தா, போன பொங்கல் லீவு வரைக்கும் பூஜ்யம்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடுறேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எடிட்டர் டீம் கண்ணுக்குத் தப்பின பிழை ஏதும் இருந்தா பொறுத்துக்கோங்க. எங்க அம்மா பொறுத்துக்க மாட்டாங்க, அது வேற கதை.

எங்க ஊர் கோவில்பட்டி. அம்மா வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறாங்க. 11 பிள்ளைங்க, எல்லாம் பத்தாவது. ஆளுக்கு மாசம் 300 ரூபாய். பொங்கலுக்கு வீட்டுக்குப் போன அன்னிக்கு ராத்திரி, சாப்பிட்டு முடிச்சதும் அம்மா தரையில் உட்கார்ந்து, பேப்பருக்கு நடுவில் கார்பன் வச்சு, பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்திக் கேள்வித்தாள் எழுதிக்கிட்டு இருந்தாங்க. கார்பன் பேப்பரை நான் அதுக்கு முன்னாடி பேங்க் சலானில்தான் பார்த்திருக்கேன்.

"என்னம்மா இது? பிரிண்டர் என்னாச்சு?"

"அது ஒன்றரை மாசமா ஓடல பாப்பா. இதுல ரெண்டு கார்பன் வச்சா மூணு காப்பி வரும். நாலு தடவை எழுதினா 12. பிள்ளைகளுக்கு 11, எனக்கு ஒண்ணு."

"ஒண்ணு எழுதி ஜெராக்ஸ் போடலாம்ல?"

"ரெண்டு பக்கம், 11 பேரு, பக்கத்துக்கு ரெண்டு ரூபாய். ஒரு டெஸ்டுக்கு 44 ரூபாய். வாரம் மூணு டெஸ்ட். நீயே கணக்குப் போடு."

கணக்குப் போட்டேன். வாரம் 132 ரூபாய். அம்மாவோட வலது கை நடுவிரலில் பேனா அழுத்தின இடம் காய்ச்சுப் போயிருந்துச்சு. "ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீ இன்டர்வியூ இன்டர்வியூன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்த. இதைச் சொல்லி உன்னை என்ன செய்யச் சொல்ல?" என்றாங்க. அந்த சீசனில் மூணு கம்பெனியில் கடைசி ரவுண்டு வரை போய் வெளியே வந்திருந்தேன். அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேட்கல. அதனால நானும் பிரிண்டரைப் பத்தி மேலே கேட்கல. "நாளைக்குப் பார்க்கிறேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த பிரிண்டர் 2016ல் அப்பா தீபாவளி போனஸில் வாங்கினது. அப்போ நான் ஏழாவது. எங்க ஸ்கூலில் வாரம் ஒரு ப்ராஜெக்ட் கேட்பாங்க. தாஜ்மஹால், எரிமலை, இதயத்தோட படம், எல்லாம் கலரில் வேணும். கடையில் கலர் பிரிண்ட் ஒண்ணு 10 ரூபாய். அப்பா ஒரு நாள் கணக்குப் பார்த்துட்டு, பக்கத்தில் நாலு மைத் தொட்டி ஒட்டிக்கிட்டு இருக்கிற மாடலா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டார். எனக்காக வந்த மெஷின்தான், காலேஜ் போனதும் அம்மாவோட டியூஷன் மெஷின் ஆயிடுச்சு.

முதல் நாள் நான் பண்ணினது எல்லாமே தப்பு. பிரிண்ட் கொடுத்தேன், கிட்டத்தட்ட வெள்ளைப் பேப்பர் வந்துச்சு. உடனே லேப்டாப்பைத் திறந்து டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணி, திரும்ப டவுன்லோட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி... ரெண்டு மணி நேரம். நம்ம கை எப்பவும் சாஃப்ட்வேர் பக்கம்தான் முதலில் போகும், ஏன்னா அங்கே கையில் மை ஒட்டாது.

அப்புறம்தான் ஒரு சின்ன யோசனை வந்துச்சு. லேப்டாப்பே இல்லாம பிரிண்டரைச் சோதிச்சா என்ன? ஸ்கேனர் கண்ணாடியில் ஒரு பேப்பரை வச்சு காப்பி பட்டனை அழுத்தினேன். அதுவும் வெள்ளை. அப்போ டிரைவர், கேபிள், லேப்டாப் எதுவுமே குற்றவாளி இல்லை. ஒரே பட்டனில் பாதிச் சந்தேகம் காலி. லேபில் சர்க்யூட் வேலை செய்யலேன்னா பாதியில் பிரிச்சு அளந்து பாருன்னு சார் சொல்வாரே, அதேதான். அதை 2 மணி நேரம் முன்னாடி பண்ணியிருக்கணும்.

அடுத்தது நாசில் செக். பல மாடல்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணினா, நாலு நிறத்திலும் படிக்கட்டு மாதிரிச் சின்னச் சின்னக் கோடு அடிச்சுக் கொடுக்கும். மஞ்சளும் மெஜந்தாவும் முழுசா வந்துச்சு. நீலத்தில் நடுநடுவே ஓட்டை. கறுப்பு மொத்தமா இல்லை.

இங்கே கொஞ்சம் உள்ளே போகணும். இன்க்ஜெட்டில் முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு சூட்டில் வேலை செய்றது. 1977ல் ஜப்பானில் கேனான் கம்பெனி லேபில் ஒருத்தர் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தப்போ, சூடான சால்டரிங் அயர்ன் மை நிரப்பின சிரிஞ்சு ஊசியில் பட்டு, மை பீய்ச்சி அடிச்சுதாம். அதிலிருந்துதான் அவங்களோட பபுள் ஜெட் யோசனை பிறந்ததா சொல்வாங்க. மையைக் கண நேரம் சூடாக்கினா ஒரு குமிழி வரும், அது ஒரு சொட்டை வெளியே தள்ளும். இந்த வகையில் பல மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடவே வரும். கார்ட்ரிட்ஜ் மாத்தினா ஹெட்டும் புதுசு.

எங்க வீட்டில் இருக்கிறது ரெண்டாவது வகை, பீசோ. வோல்டேஜ் கொடுத்தா வளையுற பீசோ பொருளைப் பத்தி நாம படிச்சிருக்கோம். அது வளைஞ்சு மை அறையை அமுக்கும், சொட்டு வெளியே வரும். சூடு கிடையாது. ஆனா ஹெட் மெஷினோடவே நிரந்தரமா இருக்கும், அடைச்சுக்கிட்டா கதை முடிஞ்ச மாதிரி. ஒவ்வொரு துளையும் தலைமுடியை விட மெல்லிசு. சொட்டு அளவு பிக்கோலிட்டர் கணக்கு. ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி பிக்கோலிட்டர். ஒரு சொட்டு 3 பிக்கோலிட்டர்னு வச்சுக்கிட்டா, ஒரு மில்லி மையில் 33 கோடி சொட்டு. அந்தத் துளை வாயில் மை காய்ஞ்சா என்ன ஆகும்? பேனாவை மூடாம வச்சா என்ன ஆகுமோ அதுதான்.

இதெல்லாம் தெரிஞ்சும் அன்னிக்கு நான் பண்ணினது, ஹெட் கிளீனிங் பட்டனை வரிசையா ஆறு தடவை அழுத்தினது. மூணாவது தடவை நீலம் கொஞ்சம் தேறுச்சு. ஆறாவது தடவை மெஜந்தாவும் உடைய ஆரம்பிச்சுது. தொட்டியில் மை மட்டம் இறங்குறது கண்ணுக்கே தெரிஞ்சுது. ஹெட் கிளீனிங் என்பது தண்ணி விட்டுக் கழுவுறது இல்லை. கீழே இருக்கிற ஒரு குட்டி பம்ப் ஹெட்டோட வாயில் ரப்பர் மூடியை வச்சு மையை உறிஞ்சி, மெஷினுக்கு அடியில் இருக்கிற பஞ்சு மாதிரியான திண்டுக்கு அனுப்புறது. நாம அழுத்துற ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கின மை அந்தப் பஞ்சுக்குப் போகுது.

சாயந்திரம் பிரிண்டரை ஸ்கூட்டியில் முன்னாடி வச்சு ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அண்ணன் நாசில் செக் பேப்பரை மட்டும் பார்த்தார். மூடியைக்கூடத் திறக்கல. "ஹெட் போயிருச்சும்மா. ஹெட் மாத்துற காசோட கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து வருஷம் ஆகப்போற மெஷினில் அவர் ரெண்டு நாள் உட்கார்ந்தா, அந்தக் கூலியை யார் கொடுப்பாங்க? ஆனா புது மெஷின் என்பது அம்மாவோட மூணு மாச டியூஷன் காசு. திரும்பி வரும்போது ஸ்பீடு பிரேக்கரில் எல்லாம் ரொம்ப மெதுவா ஏத்தி இறக்கி ஓட்டினேன். மைத் தொட்டி சாயக் கூடாதே.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போது, பழியை வேற யார் மேலயாவது போடலாமேன்னு கேட்டேன். "அம்மா, இதை எப்படி ஆஃப் பண்ணுவீங்க?"

"சுவத்து ஸ்விட்சுலதான். பேப்பர் வந்ததும் டப்புன்னு ஆஃப் பண்ணிருவேன்."

"பிரிண்டர்லயே பட்டன் இருக்குல்ல?"

"நீதானே பாப்பா சொன்ன, எழுத்து மங்கலா வந்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு."

எனக்கு ஞாபகம் வந்துச்சு. அக்டோபர் மாசம். ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்டுக்கு அரை மணி நேரம் இருந்தப்போ அம்மா போன் பண்ணினாங்க. பிரிண்ட் மங்கலா வருதுன்னு ஆரம்பிச்சாங்க. முழுசாக் கேட்கக்கூட இல்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, சரியாயிடும்" என்று சொல்லி வச்சுட்டேன். நாம எல்லாரும் எல்லாத்துக்கும் சொல்ற பதில்தானே.

அம்மா அதை அப்படியே செஞ்சிருக்காங்க. ஆரம்பத்தில் வேலையும் செஞ்சிருக்கு. ஏன்னா பிரிண்டர் ஆன் ஆகும்போது தானா ஒரு சின்ன கிளீனிங் ஓட்டும். அதனால அம்மாவுக்கு நம்பிக்கை. மங்கலா வந்தா சுவத்து ஸ்விட்ச். வேலை முடிஞ்சாலும் சுவத்து ஸ்விட்ச். ஆனா பிரிண்டர் பேப்பரைத் துப்பின உடனே வேலையை முடிச்சுடுறது இல்லை. ஹெட் வலது ஓரத்துக்குப் போய், அந்த ரப்பர் மூடி மேலே உட்காரணும். அதுதான் பேனாவோட மூடி. அதுக்கு முன்னாடி கரண்டைப் பிடுங்கினா ஹெட் நடு வழியில் திறந்த வாயோட நிக்கும். பிரிண்டரில் இருக்கிற பட்டனை அழுத்தினா அது முதலில் ஹெட்டை மூடி வச்சுட்டுத்தான் அணையும்.

அக்டோபர், நவம்பர் முழுக்க, பல ராத்திரிகள், மூடாத பேனா. டிசம்பரில் கறுப்பு நின்னுடுச்சு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அம்மா கார்பன் வாங்கப் போயிருக்காங்க.

நான் அம்மாகிட்ட இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு இட்லி ஆறுற வரைக்கும் யோசிச்சேன். சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாங்க. "அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்று கேட்டாங்க. "இல்லம்மா, நான்தான்" என்றேன். "சரி விடு, யார் கெடுத்தா என்ன, இன்னொரு இட்லி வச்சுக்கோ" என்றாங்க. அதுக்கு அவங்க திட்டியிருக்கலாம்.

காரணம் தெரிஞ்சதும் வேலை சுலபமாச்சு. காய்ஞ்ச மை என்பது பெரும்பாலும் தண்ணி போன மைதான். தண்ணியைத் திருப்பிக் கொடுத்தா ஊறி இளகும். ஆனா எங்க ஊர்க் குழாய்த் தண்ணியை விட்டா உப்பு படிஞ்சு இன்னும் அடைக்கும். பேட்டரி கடையில் இன்வெர்ட்டருக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில், மெடிக்கலில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒண்ணு. மொத்தச் செலவு 50 ரூபாய்க்குள்ள.

ஹெட்டை நடுவில் கொண்டு வர ஒரு வழி, பிரிண்ட் ஓடும்போது கரண்டைப் பிடுங்குறது. அதாவது எது கெடுத்துச்சோ அதையே ஒரு தடவை வேணும்னே செய்யணும். அப்புறம் ஹெட் கையால் தள்ளினா நகரும். ஓரத்தில் தெரிஞ்ச ரப்பர் மூடியில் கறுப்பா, அல்வா மாதிரி மை இறுகிக் கிடந்துச்சு. வெதுவெதுப்பாக்கின டிஸ்டில்டு வாட்டரைச் சொட்டுச் சொட்டா விட்டு, ஊறினதும் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தேன். மூடி சரியா ஒட்டலேன்னா பம்ப் காத்தைத்தான் உறிஞ்சும். நான் ஆறு தடவை அழுத்தியும் கறுப்பு வராததுக்கு அது ஒரு காரணம்.

அடுத்து டிஷ்யூ பேப்பரைப் பட்டையா மடிச்சு, நனைச்சு, ஹெட் போற பாதையில் வச்சு, ஹெட்டை அதுக்கு மேலே தள்ளி நிறுத்தினேன். தேய்க்கக் கூடாது. துளைத் தகடு ரொம்ப மென்மை, பஞ்சு வச்சுத் தேய்ச்சா நார் உள்ளே போயிடும். ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். அப்பா தூங்கப் போகும்போது எட்டிப் பார்த்து, "பேஷண்ட் எப்படி இருக்கு?" என்றார்.

காலையில் டிஷ்யூவில் ஒரு கறுப்புக் கறை. காபியை மறந்துட்டு அதை போட்டோ எடுத்தேன். கரண்ட் கொடுத்தேன். ஹெட் இடது பக்கம் பறந்து போய் 'டம்'முனு சுவரில் மோதிச்சு. திரும்ப ஒரு 'டம்'. சிவப்பு விளக்கு ரெண்டும் மாறி மாறிச் சிமிட்டுச்சு. எனக்குக் கை நடுங்கிடுச்சு. இருந்ததையும் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். அம்மா சமையல்கட்டிலிருந்து "என்ன சத்தம்?" என்று கேட்டதுக்கு "ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொன்னேன்.

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஹெட் ஓடுற தண்டவாளத்துக்குப் பின்னாடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதில் என்னோட கட்டைவிரல் ரேகை, கறுப்பு மையில், தெளிவா. கிட்டப் போய்ப் பார்த்தா அந்தப் பட்டை வெறும் பிளாஸ்டிக் இல்லை. முழுக்க நுணுக்கமான கோடு. ஆப்டிகல் என்கோடர்! ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் சென்சார், கோட்டை எண்ணி எண்ணித்தான் ஹெட் தான் எங்கே இருக்கேன்னு தெரிஞ்சுக்கும். என் விரல் ரேகை கோட்டை மறைச்சதும் அதுக்குக் கணக்குத் தப்பிடுச்சு, சுவர் இருக்கிறது தெரியாம ஓடி மோதியிருக்கு.

இந்த ஆப்டிகல் என்கோடரை நான் செமஸ்டரில் 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கேன். நல்லாவே எழுதினேன். ஆனா பொருளை நேரில் பார்த்தது அன்னிக்குத்தான், அதுவும் என் வீட்டில், ஏழாவது படிக்கும்போதிலிருந்து என் மேஜையில் இருந்த டப்பாவுக்குள்ள. துணியை லேசா ஈரமாக்கி, பட்டை கொக்கியிலிருந்து கழண்டுடாம, ஒரு பக்கமாத் துடைச்சேன். மறுபடி ஆன் பண்ணினேன். ஹெட் சாதுவாப் போய் சாதுவா வந்துச்சு.

நாசில் செக்: கறுப்பு பாதி. தொட்டியைப் பார்த்தா கறுப்பு மை கீழ்க்கோட்டுக்கும் கீழே. டியூபில் விரல் நீளத்துக்குக் காத்து. கோட்டுக்குக் கீழே போக விட்டா மைக்குப் பதிலாக் காத்து ஏறிடும். அலமாரியில் இருந்த புது பாட்டிலை மேல்கோடு வரைக்கும் ஊத்தி, ஒரே ஒரு கிளீனிங். அரை மணி நேரம் பொறுத்து இன்னொண்ணு. அதுக்கப்புறம் தொடல, சாயந்திரம் வரைக்கும் விட்டுட்டேன். குமிழி தானா மேலே ஏறட்டும்னு. அந்த இடைவெளியில், பேப்பரை இழுக்கிற ரப்பர் உருளை வழவழன்னு ஆகியிருந்ததை ஈரத்துணியில் துடைச்சு வச்சேன். ஆறு மணிக்கு நாசில் செக் கொடுத்தேன். நாலு நிறமும், ஒரு கோடு உடையாம.

அன்னிக்கு டியூஷனுக்கு அம்மா பிரிண்ட் எடுத்த கேள்வித்தாளைக் கொடுத்தாங்க. முதல் பெஞ்சுப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மிஸ், உங்க கையெழுத்துலயே குடுங்க மிஸ், அதுதான் நல்லா இருந்துச்சு" என்றான். மூணு நாள் என் உழைப்பு. அம்மா சிரிச்சுக்கிட்டே அவனை முதல் கேள்வியை வாசிக்கச் சொன்னாங்க.

உங்க வீட்டு மெஷினுக்காக நாலு வார்த்தை:

முதலில் காப்பி பட்டன், அப்புறம் நாசில் செக். லேப்டாப் கடைசி.

ஹெட் கிளீனிங் ரெண்டு மூணு தடவைக்கு மேல வேண்டாம். தேறலேன்னா ஒரு ராத்திரி விட்டுட்டுப் பாருங்க.

பிரிண்டர் பட்டனில் அணைச்சு, விளக்கு போனதுக்கு அப்புறம்தான் சுவத்து ஸ்விட்ச்.

வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிங்க. மை கோட்டுக்குக் கீழே போக விடாதீங்க.

கழிவு மைப் பஞ்சு நிரம்பிடுச்சுன்னு மெஷின் சொன்னா, பஞ்சை மாத்தாம கவுன்டரை மட்டும் ரீசெட் பண்ணாதீங்க. மை அடியில் வழிஞ்சு மேஜைக்கு வந்துடும். எங்க வீட்டுப் பஞ்சும் நிரம்பிக்கிட்டுத்தான் இருக்கு. அது அடுத்த லீவுக்கு.

கிளம்புற அன்னிக்கு ஸ்விட்சுக்கு மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். "முதளில் பிரிண்டர் பட்டன், பிறகு இது." பஸ் ஏறுறதுக்குள்ள அம்மா சிவப்புப் பேனாவில் 'ள'வை அடிச்சு 'ல' போட்டுட்டாங்க. மார்க் போடாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா நாசில் செக் பேப்பரை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புறாங்க. "நாலும் வந்துருச்சு" என்று ஒரு வரி. போன வாரம் அந்த வரி வேற மாதிரி இருந்துச்சு: "நீலத்துல ரெண்டு கோடு இல்ல. என்ன செய்யட்டும்?" அப்போ நான் ஒரு கம்பெனி டெஸ்டுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். 'ஆஃப்' வரைக்கும் டைப் பண்ணிட்டேன். அழிச்சுட்டு, போன் பண்ணினேன்.